மன்னார்குடியில் கேமிங் கம்ப்யூட்டர்: காசை எங்கே போடுவது?

தம்பிங்களா, கம்ப்யூட்டருக்குக் கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை முதல்ல பாருங்க. குறுவைக்கு மோட்டார் ஓட ஆரம்பிச்சா எங்க பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்கும். கேபினட்டோடவே வந்த மலிவு எஸ்எம்பிஎஸ் ஒருநாள் ராத்திரி டப்புனு வெடிச்சு, என் மதர்போர்டையும் கொண்டுபோயிடுச்சு. கருகின வாடை ரெண்டு நாளா அறையை விட்டுப் போகல. நல்ல கம்பெனியோட 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, கரண்டை வீணாக்காத தரத்துக்கான முத்திரை) வாங்குங்க.

மிச்சத்துல பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 6600 கார்டு, 8 ஜிபி, 1080பி (ஃபுல் எச்டி) திரைக்குத் தாராளம்.

அதுக்குக் காசு பத்தலையா? ரைசன் 5 5600ஜி பிராசசர் எடுங்க, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு. கார்டைப் பின்னால சேர்த்துக்கலாம். கடைக்காரர் ஜி இல்லாத 5600-ஐக் கொடுத்தா, கார்டு இல்லாம திரையில படமே வராது, பெட்டியைப் பார்த்து வாங்குங்க. 5600ஜி-யோட கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்கி ஓடும், ரேம் ரெண்டு ஸ்டிக்கா இருந்தா வேகம் கூடும்; அதனால 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா வேண்டாம், 8 ஜிபி ரெண்டாப் போடுங்க. கலர் விளக்கு கேபினட்டுக்குப் போற காசு எஸ்எஸ்டிக்கு (வேகமான சேமிப்பு டிரைவுக்கு) போகட்டும்.