ஹோலோகாஸ்ட்ல பிழைச்ச குழந்தைங்களோட சாட்சியம்: கேக்கும்போது நாம பண்ற தப்புங்க

ஹோலோகாஸ்ட்னா ரெண்டாம் உலகப் போர் சமயத்துல நாஜி ஜெர்மனி யூதர்கள கூட்டம் கூட்டமா கொன்னது. அதுல பிழைச்சவங்க பேசுற வீடியோவ போட்டதும் நேரா கேம்ப் (நாஜிங்களோட சிறை முகாம்) பத்தி பேசுற இடத்துக்கு ஓட்டிடறதுதான் எல்லாரும் பண்ற முதல் தப்பு. ஹாலிவுட் டைரக்டர் ஸ்பீல்பெர்க் இவங்க பேச்ச பதிவு பண்ணி வெக்க 1994ல ஆரம்பிச்ச ஷோவா ஃபவுண்டேஷன்ல மட்டுமே 50,000க்கு மேல சாட்சியம் இருக்கு, பெரும்பாலும் ரெண்டு மணி நேரம் ஓடும், போருக்கு முன்னாடி, போர், அதுக்கப்புறம்னு மூணுமே கேப்பாங்க. வீடு, தெரு, வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு இதையெல்லாம் தள்ளிவிட்டுட்டா அந்தப் பிள்ளைகிட்டருந்து என்ன பறிபோச்சுன்னே தெரியாம போயிடும். கடைசில பழைய போட்டோவ கேமராவுக்கு காட்டுவாங்க, சிலர்கிட்ட அம்மா முகம் இருக்கிற படம்னா அந்த ஒண்ணுதான். நான் அது ஏதோ சினிமா முடிஞ்சு பேர் ஓடுற மாதிரின்னு நினைச்சு மூடிட்டு போயிருக்கேன், வெக்கமா இருக்கு.

அடுத்தது தேதி தப்பா சொன்னா மொத்தமும் பொய்னு முடிவு கட்டுறது. அஞ்சாறு வயசுல பரண்ல ஒளிஞ்சு கிடந்த பிள்ளைக்கு அது எந்த மாசம்னு யார் சொல்லுவா? ஆனா வாயப் பொத்தின கை ஞாபகம் இருக்கும், அந்த குளிர் ஞாபகம் இருக்கும். தேதிக்கு ஆவணம் இருக்கு, அதைத் தேடிப் பாருங்க. அதுக்காக கண்ணீர் வந்தாலே உண்மைன்னும் நம்பிடாதீங்க, 1995ல சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர் கேம்ப்ல குழந்தையா இருந்தேன்னு புஸ்தகமே எழுதி விருதும் வாங்கினார், அப்புறம் பாத்தா அவர் யூதரே இல்ல, போர் முழுக்க சுவிஸ்லதான் இருந்திருக்கார். எப்போ பதிவு பண்ணதுன்னும் பாக்கணும், 1946ல டேவிட் போடர்ங்கிற உளவியல் பேராசிரியர் கம்பி ரெக்கார்டர (மெல்லிசான கம்பில குரல பதியிற மெஷின்) தூக்கிட்டு ஐரோப்பாவுல அகதி முகாம் முகாமா போய் எடுத்த பேட்டியும், ஐம்பது வருஷம் கழிச்சு பேரப்பிள்ளைங்கள பாத்தவங்க பேசுறதும் ஒரே மாதிரி இருக்காது.

இவங்க கதைதான் பொதுவான கதைன்னு எடுத்துக்கறது இன்னொண்ணு. கொல்லப்பட்ட யூதக் குழந்தைங்க சுமார் 15 லட்சம், பேச மிஞ்சினவங்க விதிவிலக்கு. (ஒளிஞ்சிருந்தப்ப டைரி எழுதின ஆன் ஃபிராங்க பிழைச்சவங்க லிஸ்ட்ல சேக்கறவங்களுக்கு: அவ பிழைக்கல, 1945ல பெர்கன்-பெல்சன் கேம்ப்ல செத்துப்போயிட்டா.)

கேம்புக்கே போகாதவங்கள லேசா எடை போடுறதும் உண்டு. வேற வீட்லயோ கன்னியாஸ்திரி மடத்துலயோ பேர் மாத்தி ஒளிச்சு வளத்த பிள்ளைங்ககிட்ட "நீ சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும்"னு பெரியவங்களே சொல்லிருக்காங்க, அதனால பல வருஷம் வாயே திறக்கல, 1991ல நியூயார்க்ல இப்படி ஒளிஞ்சு வளந்தவங்க ஒண்ணா கூடினப்பதான் நிறைய பேர் பேசவே ஆரம்பிச்சாங்க. போர் முடிஞ்சு சொந்தக்காரங்க கூப்பிட வந்தப்ப வளத்த அம்மாவ விட்டு வரமாட்டேன்னு அழுதவங்களும் இதுல உண்டு.

கிளாஸ்ல பசங்கள யூதரா, நாஜியா நடிக்க வெக்கிறதெல்லாம் சுத்தமா வேண்டாம்.

அப்புறம், விடுதலைன்னு வந்ததும் வீடியோவ நிறுத்திடாதீங்க. 1945 ஆகஸ்ட்ல கேம்ப்ல பிழைச்ச சுமார் 300 பிள்ளைங்கள இங்கிலாந்துல விண்டர்மியர்ங்கிற ஊருக்கு கூட்டிட்டு வந்தாங்க, சாப்பாட்டு மேஜைல ரொட்டி வெச்ச உடனே காணாம போயிடும், அத்தனையும் சட்டைக்குள்ள ஒளிச்சு ரூமுக்கு எடுத்துட்டு போயிருப்பாங்க, நாளைக்கும் கிடைக்கும்னு யாரு சொன்னாலும் நம்பல.