"நாலு பேர் படுக்கலாம்" என்பதை மட்டும் பார்த்துக் கெம்பர் வேன் எடுக்காதீர்கள்

உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதி செய்த கெம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுக்கப் போனாலும் சரி, சொந்த வேனைக் கராஜில் கொடுத்து அப்படி மாற்றப் போனாலும் சரி, முதலில் காதில் விழும் பேச்சு இதுதான்: "நாலு பேர் தாராளமா படுக்கலாம்." படுக்கலாம்தான். ஆனால் பிள்ளைகளோடு மலைப்பக்கம் சுற்றும்போது படுக்கை இரவு ஒன்பது மணிக்குத்தான் வேண்டும். மழையோ பிற்பகல் மூன்று மணிக்கே வந்துவிடும். ஈரச் சப்பாத்தும் பசியுமாக எல்லோரும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, அந்த ஆறு மணி நேரத்தை எங்கே உட்கார்ந்து கழிப்பீர்கள்? ஒரு வேனின் உள்ளமைப்பைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மழை ஏதோ ஒருநாள் வருவது என்று நினைக்க வேண்டாம். நமது பள்ளி விடுமுறைகள் வழக்கமாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பரில் வருகின்றன. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை. ஓகஸ்டில் தென்மேல் பருவமழை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பெய்துகொண்டிருக்கும். டிசம்பரில் வடகீழ் பருவமழை பதுளை, பண்டாரவளைப் பக்கம் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கும் எந்த மாதத்திலும் மலையின் ஏதோ ஒரு பக்கம் நனைந்துகொண்டுதான் இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஏப்ரல் மாதம், வாடகை வேன் ஒன்றில் ஹட்டனிலிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாக ஹப்புத்தளைக்குப் போனோம். அப்போது மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. வேனின் இரண்டு பக்கமும் நீள இருக்கைகள். நடுவில் பலகை போட்டால் முழுவதும் படுக்கை. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ஹப்புத்தளையில் நிறுத்தியபோது மழை கொட்டியது. ஆறரைக்கே மகன் தூங்கி வழிந்தான். அவனைக் கிடத்த வேண்டுமானால் மேசையை இறக்கி, பலகைகளை அடுக்கி, மெத்தைத் துண்டுகளைத் திருப்பிப் போட வேண்டும். அதற்கு மற்ற எல்லோரும் இறங்க வேண்டும். மகள் முன் சீட்டுக்குத் தாவிக்கொண்டாள். மனைவி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, கூரை இடிக்காமல் குனிந்தபடி நின்றார். ஒருவழியாகப் படுக்கை போட்டு முடித்த பிறகு பார்த்தால், அடுப்பு வைத்திருந்த அலுமாரிக் கதவு படுக்கையின் கால்மாட்டில் அகப்பட்டுத் திறக்க முடியவில்லை. அன்று இரவுச் சாப்பாடு பணிஸும் வாழைப்பழமும்தான்.

அந்த இரவில்தான் எனக்கு விளங்கியது: பிள்ளைகள் தூங்கும் இடமும் பெரியவர்கள் இருக்கும் இடமும் வேறு வேறாக இருக்க வேண்டும். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய படுக்கை என்றால், மிகச் சின்னவர் தூங்கும் நேரம்தான் எல்லோருக்கும் தூங்கும் நேரம். பின்பக்கம் பிள்ளைகளுக்கு எப்போதும் போட்டபடியே இருக்கும் ஒரு படுக்கை, அதற்கு ஒரு திரை, சின்ன விளக்கு ஒன்று. முன்பக்கம் பெரியவர்களுக்கு ஒரு மேசை. பெரியவர்களின் படுக்கையை வேண்டுமானால் மடித்து விரிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். கடைசியாகப் படுப்பவர்கள் விரிக்கட்டும். மழை நாளில் பகலிலும் இது உதவும். ஒரு பிள்ளை பின்னால் படுத்துப் படம் கீறிக்கொண்டிருக்கும்போது மற்றவர் மேசையில் கரம் விளையாடலாம். சண்டை பாதியாகக் குறையும்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து அப்படியே செய்யச் சொல்வது அடுத்த தவறு. இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா குடும்பம் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கரவன் வைத்திருக்கிறது. பின்பக்கம் அடுக்குப் படுக்கை, பக்கவாட்டில் சின்ன மேசை, முன்னால் எதிரெதிரே நீள இருக்கை என்று பிள்ளைகளுக்கு ஏற்ற நல்ல அமைப்பு. ஆனால் அந்தக் கரவன்கள் பெரும்பாலும் 2.2 மீற்றருக்கு மேல் அகலமானவை. நம் ஊரில் அதிகம் ஓடும் சாதாரண உடல் கொண்ட ஹயஸ் வேனின் வெளி அகலமே 1.695 மீற்றர். உட்புறம் பலகையும் துணியும் அடித்த பிறகு குறுக்கே ஒரு பெரிய ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாது. பத்து வயதுப் பிள்ளையே இரண்டு வருடத்தில் முட்டி மடக்கத் தொடங்கிவிடும். அகல உடல் கொண்டது 1.88 மீற்றர், உள்ளே கழித்தால் அதுவும் வளர்ந்த ஆளுக்குப் போதாது. ஆகவே நம் வேன்களில் நீளவாக்குப் படுக்கைதான் நிலைக்கும்.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். கரவன் ஓடும்போது அதற்குள் யாரும் இருப்பதில்லை. பிள்ளைகள் காரில், பெல்ட் போட்டு, முன்னோக்கி உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பக்கவாட்டு நீள இருக்கை, வண்டி நின்ற பிறகு உட்காரத்தான். நாம் அதைப் பார்த்து வேனுக்குள் செய்துவிட்டு, அதிலேயே பிள்ளைகளை உட்கார வைத்து மலை ஏறுகிறோம். இதில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனமில்லை. பிளைவூட் பெட்டியின் மேல் மெத்தை வைத்த இருக்கையில் பக்கவாட்டாக இருக்கும் பிள்ளையை, திடீர் பிரேக்கில் எதுவும் தடுத்து நிறுத்தாது. ஓடும்போது பிள்ளைகள் இருக்கும் சீட் முன்னோக்கியதாக, வேனின் தரைச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியதாக, ஆளுக்கு ஒரு பெல்ட் உள்ளதாக இருக்க வேண்டும். இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த வேனை விட்டுவிடுங்கள்.

வாந்தியும் இதோடு சேர்ந்த கதைதான். தலவாக்கலை தாண்டி நானுஓயா வரை வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பக்கவாட்டாக இருக்கும் பிள்ளையின் உட்காது "திரும்புகிறோம்" என்கிறது; எதிர்ச் சுவரைப் பார்க்கும் கண்ணோ "அசையவில்லை" என்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு இது அதிகம். முன்கண்ணாடி வழியாகப் பாதை தெரியும்படி, பின் அச்சுக்கு முன்னால் அவர்களுடைய சீட் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். சீட்டின் முன்னால் உயரமான அலுமாரி வைத்துப் பார்வையை மறைத்த வேன்களை நான் பார்த்திருக்கிறேன். செய்தவர் பொருள் வைக்கும் இடத்தை மட்டும்தான் யோசித்திருக்கிறார்.

சரி, அடுக்குப் படுக்கை. பிள்ளைகளுக்கு அதைக் கண்டால் ஆசை. நமக்கும் இடம் மிச்சம். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை மேல்தட்டில் படுக்க வைக்க வேண்டாம். தடுப்புப் பலகை இருக்கிறது என்று கடைக்காரர் காட்டுவார். மெத்தையையும் குளிருக்குப் போடும் தடித்த கம்பளியையும் விரித்த பிறகு அந்தப் பலகை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். எங்களுக்குக் காட்டிய ஒன்றில் நான்கு விரல் அகலம்கூட மிஞ்சவில்லை.

மலையில் சமதரை கிடைப்பது அபூர்வம் என்பது வேன் செய்கிறவர்கள் பலர் மறந்துபோகும் விஷயம். தேயிலைத் தோட்டப் பாதையின் ஓரமோ கோயில் வாசலோ, எங்கே நிறுத்தினாலும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். படுக்கும்போது தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாகச் சரிந்தால் விடியும்போது தலைவலிதான். நீளவாக்குப் படுக்கையில் இரண்டு முனையிலும் தலை வைத்துப் படுக்கலாம் என்றால் கவலை இல்லை. சில வேன்களில் ஒரு முனையை அலுமாரிக்குக் கீழே செருகிவிடுகிறார்கள். அங்கே கால் மட்டும்தான் போகும். பிறகு படுக்கைக்காக வேனைத் திருப்பி நிறுத்த வேண்டியதுதான், அந்தப் பாதையில் திருப்ப இடம் இருந்தால். பக்கச் சரிவு வந்தால் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் உருள்வார்கள். ஆப்பு மாதிரிச் சீவிய இரண்டு மரக்கட்டைகளைச் சில்லுக்குக் கீழே வைத்து ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே அந்தக் கட்டைகளுக்கும் உள்ளே ஓர் இடம் வேண்டும்.

கதவடியை யாரும் யோசிப்பதில்லை. நாம் இடது பக்கம் ஓட்டுவதால் இழுக்கும் கதவு இடது பக்கம்தான். மலைப்பாதையில் இடது பக்கம் என்றால் ஒன்று ஆழமான கான், இல்லாவிட்டால் பள்ளம். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை கதவைத் திறந்து அப்படியே கால் வைத்தால் என்ன ஆகும்? கதவின் பூட்டு பெரியவர்கள் படுக்கும் பக்கத்திலிருந்து எட்டக்கூடியதாகவும், பிள்ளை தாண்டிப் போக முடியாததாகவும் இருக்க வேண்டும். அதே கதவடியில் கழுவக்கூடிய ரப்பர் விரிப்புப் போட்ட ஓர் இடமும் வேண்டும். ஈரச் சப்பாத்து, ரெயின்கோட், குடை எல்லாம் அங்கேயே நிற்கட்டும். புல்லுக்குள் நடந்து வந்தால் அட்டை கட்டாயம் இருக்கும். உள்ளே ஏறுவதற்கு முன் பிள்ளைகள் உட்கார்ந்து கால் பார்க்க ஒரு படி இருந்தால், நடு இரவில் கம்பளிக்குள் அட்டை தேட வேண்டி வராது.

குசினி எங்கே இருந்தாலும் பிள்ளைகள் ஓடும் வழியில் இருக்கக் கூடாது. கதவை ஒட்டி அடுப்பு வைப்பது வழக்கமாகிவிட்டது. காற்று வரும், வெளியே நின்று சமைக்கலாம் என்பார்கள். வெயிலில் அது நல்லதுதான். மழையில் கதவைச் சாத்திவிட்டுச் சமைத்தால், கழிவறைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் கொதிக்கும் கேத்தலை உரசிக்கொண்டு போகும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக ஊரைவிட அதிக நேரம் எடுக்கும். அடுப்பு எரியும் நேரம் நீளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேஸ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தங்கும். பிள்ளைகளின் தாழ்வான படுக்கை இருப்பதும் தரையோடுதான். ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டி மூடியதாக, அடியில் வேனுக்கு வெளியே திறக்கும் ஓட்டை உள்ளதாக இருக்க வேண்டும். குளிர்க்காற்று வருகிறதே என்று அந்த ஓட்டையைத் துணியால் அடைக்கும் பழக்கம் ஆபத்தானது. அதைவிட ஆபத்து, குளிர் காய அடுப்பையோ கரிச்சட்டியையோ உள்ளே எரியவிட்டுத் தூங்குவது. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிருக்குக் கம்பளியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் போதும்.

குளிர் என்பதற்காக ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தவும் முடியாது. நான்கு பேர் ஓர் இரவு மூச்சு விட்டாலே காலையில் கண்ணாடி முழுவதும் நீர் வடியும். சுவரோடு ஒட்டிய மெத்தை அடியில் ஈரம் பிடித்துப் பூஞ்சை பூக்கும். மெத்தைக்குக் கீழே மரச் சலாகை இடைவெளி விட்டு அடித்திருக்கிறார்களா என்று தூக்கிப் பாருங்கள். கூரையில் மழை உள்ளே வராத ஒரு காற்றுவழி கட்டாயம் வேண்டும்.

பாரம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 80 லீற்றர் தாங்கியைப் பின் கதவருகே ஒரு பக்கமாக வைத்தால், இறம்பொடைப் பாதையில் வளைவுக்கு வளைவு வேன் அந்தப் பக்கம் சாயும். பாரமானவை கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே. இறக்கத்தில் சின்னக் கியரில் இறங்குங்கள். உள்ளே ஏற்றிய ஒவ்வொரு அலுமாரியின் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, டீவி எல்லாம் இந்த ஊருக்கு வேண்டாம். அந்த இடத்தில் மாற்று உடுப்பு வையுங்கள், நன்றி சொல்வீர்கள்.

சொந்த வேனை மாற்றுவதாக இருந்தால், ஆசனங்களைக் கழற்றுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், தச்சு வேலை செய்யும் பாஸிடம் வேலையைக் கொடுப்பதற்கு முன் அதே மாதிரி அமைப்புள்ள வேன் ஒன்றை இரண்டு இரவு வாடகைக்கு எடுங்கள். வாடகைக்கு எடுக்கும் முன்பும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே போங்கள். எல்லோரும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்துங்கள். யாரும் இறங்காமல் படுக்கையை விரியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, சின்னவனைப் பின்னாலிருந்து கழிவறைப் பெட்டிவரை போகச் சொல்லுங்கள். எத்தனை பேரின் காலை மிதிக்கிறான் என்று எண்ணுங்கள். நாங்கள் பிறகு பார்த்த மூன்று வேன்களில் இரண்டை இந்தச் சோதனையிலேயே வேண்டாம் என்றோம். மூன்றாவதில் மகன் யாரையும் தொடாமல் போய்வந்து, "அப்பா, இன்னொருக்கா போகட்டுமா?" என்று கேட்டான்.