நர்சரியில் ‘ஜேட்’ என்று கொடுத்த செடி நாய்க்கு ஆகுமா? கண்டுபிடிக்கும் வழி

போன மே மாதம் காட்பாடியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் எங்கள் நாய் மணி வாந்தி எடுத்திருந்தான். நுரைக்கு நடுவே தடித்த பச்சை இலைத் துண்டு இரண்டு கிடந்தன. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன செடிங்க?”

“ஜேட் சார்.”

“பெரிய இலையா, பொடி இலையா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு போன் போட்டு, தங்கச்சி மாடியேறிப் போட்டோ எடுத்து அனுப்பப் பத்து நிமிஷம் ஆனது. மணி அன்று முழுக்கச் சுருண்டு கிடந்தான், மறுநாள்தான் தட்டுப் பக்கம் வந்தான். அந்தப் பத்து நிமிஷம் உங்களுக்கு வரக்கூடாது. அதனால் இந்த வேலையை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

முதலில் இலையைப் பாருங்கள். நம் ஊர் நர்சரிகளில் இரண்டு வேறு செடிகளை ‘ஜேட்’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். இரண்டுக்கும் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. ஒன்று நிஜ ஜேட், கிராசுலா. இலை 3 முதல் 6 செ.மீ. வரை இருக்கும், சதைப்பற்றாக, பளபளவென்று. தண்டும் சதைப்பற்றுதான், இளசில் பச்சை. இது நாய்க்கு ஆகாது. வாந்தி, சோர்வு, நடையில் தள்ளாட்டம், சில நேரம் இதயத் துடிப்பு குறைவது என்று வரும். மற்றது போர்ச்சுலக்காரியா. இலை விரல் நகம் அளவுதான், தண்டு மெலிந்து செம்பழுப்பாக இருக்கும். அங்கே யானைகள் இதை விரும்பித் தின்னும். நாய்க்கு இது விஷமில்லை. கடைக்காரரிடம் பெயரைக் கேட்டுப் பயனில்லை, அவருக்கும் இரண்டும் ஜேட்தான். ஒரு கிளையைப் பிடித்துத் தண்டின் நிறத்தையும் இலையின் அளவையும் நீங்களே பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நிஜ ஜேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மற்ற தொட்டிகள். எனக்கு அதிகப் பயம் அடீனியத்தின் மேல்தான். வேலூர் வெயிலுக்கு அருமையாகப் பூக்கும் என்று மாடிக்கு மாடி வைத்திருக்கிறோம். அது அரளிக் குடும்பம். இலை, தண்டு, சாறு எல்லாமே நாயின் இதயத்தைப் பாதிக்கும். ரணகள்ளியும் கடையில் கலாஞ்சோ என்று விற்கும் பூச்செடியும் ஒரே இனம், அவையும் இதயத்துக்கு ஆகாதவை. சோற்றுக் கற்றாழையில் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால்தான் வயிற்றைக் கலக்கும். திருஷ்டிக்கு வாசலில் கட்டியிருந்தால் நாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். கள்ளி வகைகளின் பால் வாயையும் கண்ணையும் எரிக்கும். எச்செவெரியா, ஹவொர்தியா என்ற சதைப்பற்றுச் செடிகள் இரண்டும் பயமில்லாதவை.

மூன்றாவதாகத் தொட்டி மண். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நாய்க்கு இலையைவிட மண்ணில் கலந்த உரத்தின் வாசனைதான் ஆசை காட்டும். ஆமணக்குப் புண்ணாக்கு போட்டிருந்தால் அந்தத் தொட்டி பக்கமே விடாதீர்கள். அதில் உள்ள ரிசின் என்ற விஷம் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. கடலைப் புண்ணாக்கு நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் பூஞ்சை பிடித்தது நாயின் ஈரலைக் கெடுக்கும். உரம் போட்டே ஆக வேண்டுமென்றால் நன்றாக மக்கிய மாட்டெருவோ மண்புழு உரமோ போதும், இந்தச் செடிகள் அதிகம் கேட்பதில்லை.

தின்றுவிட்டால் என்ன செய்வது? வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிடுங்கள், ஈரத்துணியால் ஈறைத் துடைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பெரியவர்கள் அன்போடுதான் சொல்வார்கள், ஆனால் அந்த உப்பே நாயைக் கொல்லும். பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். டாக்டருக்கு போன் செய்துவிட்டு, செடியின் ஒரு கிளையைக் கவரில் போட்டு எடுத்துப்போங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, எவ்வளவு என்று சொல்லுங்கள்.

போகிற வழியில் நாடியைப் பார்க்கத் தெரிந்திருந்தால் பெரிய உதவி. அதை நாய் நன்றாக இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும். நாய் படுத்திருக்கும்போது பின்னங்காலின் தொடை உள்பக்கம், இடுப்பை ஒட்டி இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். கயிறு போல ஒன்று துடிக்கும். 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். மணிக்குப் படுத்திருக்கையில் 88 வரும், அதை பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் நாயின் எண்ணை நீங்கள் எழுதி வைத்தால்தான், குறைந்ததா கூடியதா என்று அந்த நேரத்தில் தெரியும்.

கடைசியாக இடம். நிஜ ஜேடைத் தூக்கி எறியத் தேவையில்லை, நாங்களும் எறியவில்லை. ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். ஆனால் உயரத்தில் வைத்தால் மட்டும் போதாது. கத்திரி வெயிலில் அதன் இலைகள் வாடி உதிரும், மணி தின்றதும் அப்படித் தரையில் கிடந்த இலைதான். காலையில் அவனை மாடிக்கு விடும் முன் அடியில் பெருக்கிவிடுங்கள், உதிர்ந்த இலையில் வேர் விட வேண்டுமென்றால் மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.