மூன்று லட்ச ரூபாய் கேமிங் பிசி: கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று பார்ப்பது எப்படி

ரெடிமேட் கேமிங் பிசி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் மூன்று விஷயம்தான் இருக்கும்: ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம். காசை மிச்சம் பிடிக்கிற வேலை மீதி ஐந்தில்தான் நடக்கும்: மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை), எஸ்எஸ்டி (ஸ்டோரேஜ்), கூலர், கேபினட். ஆகவே விலை பேசுவதற்கு முன்பே எட்டு பாகத்துக்கும் பிராண்டு, முழு மாடல் பெயரோடு கொட்டேஷன் கேளுங்கள். நாகர்கோவில் கடையானாலும் சரி, சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, ஆன்லைனானாலும் சரி, இதுதான் முதல் வேலை. "750 வாட் கோல்டு, ஸ்டாக்கில் இருப்பதைப் போடுவோம்" என்று பதில் வந்தால், அந்த வாட்டில் கிடைக்கிற மலிவான எஸ்எம்பிஎஸ் விலையைத்தான் கணக்கில் எழுத வேண்டும்.

கொட்டேஷன் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு மூன்று கடைகளில் இன்று விற்கிற விலையைப் பார்த்து எழுதுங்கள். எம்ஆர்பியைத் தொடவே வேண்டாம். அதில் 40 சதவீதம் தள்ளுபடி என்பதற்கு அர்த்தமே கிடையாது. ஒரிஜினல் விண்டோஸ், அசெம்பிள் கூலி, கொண்டுவரும் செலவு எல்லாம் சேருங்கள். உதாரணமாகப் பாகங்கள் 2,30,000, மற்றவை 15,000, ஆக 2,45,000 என்று வைத்துக்கொள்வோம். ரெடிமேட் விலை 2,60,000 என்றால் கூடுதல் 6 சதவீதம். ஒரே இடத்தில் வாரண்டி கிடைப்பதற்கு இது நியாயம். 2,95,000 என்றால் 20 சதவீதம். வீட்டுக்கே வந்து சரிசெய்யும் சர்வீஸ் இல்லாமல் அந்த அளவு கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. ஜிஎஸ்டி சேர்ந்ததா என்றும் கேளுங்கள்: 2,20,000 "பிளஸ் ஜிஎஸ்டி" என்றால் 18 சதவீதம் சேர்த்து 2,59,600 ஆகிவிடும். திருவனந்தபுரத்தில் வாங்கினாலும் அதே 18 சதவீதம்தான். வரியில் லாபம் கிடையாது, கடைக்காரர் விலையில் இருந்தால் உண்டு.

சில சமயம் கணக்கு தலைகீழாக வரும். 2025 கடைசியில் டிடிஆர்5 ரேம் விலை கடுமையாக ஏறியது. அப்படி ஏறும்போது, பழைய விலைக்கு வாங்கிய பாகங்களை வைத்துக் கட்டிய மிஷின் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாகவே கிடைக்கும். அதனால் ஆறு மாதத்துக்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இனி எங்கே கத்தி வைப்பார்கள் என்று பார்ப்போம்.

கேமிங் டவர் விலையில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கார்டு உண்டு: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி மெமரியிலும் வரும், 16 ஜிபியிலும் வரும். 5070-க்கு 12 ஜிபி, 5070 டிஐ-க்கு 16 ஜிபி; "டிஐ" என்ற இரண்டு எழுத்து பில்லில் இருக்கிறதா பாருங்கள். ப்ராசஸரில் "ஐ9" என்று மட்டும் போட்டிருந்தால் தலைமுறை எண் கேளுங்கள். ஐ9 என்ற பெயர் 2017-லிருந்து இருக்கிறது. கேம் மட்டும்தான் என்றால் 8 கோர் கொண்ட ரைசன் 7 9800எக்ஸ்3டி போதும். அதன் 96 எம்பி எல்3 கேஷ்தான், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரிதான், கேமில் வேலை செய்கிறது. அதற்கு மேல் கோர் எண்ணிக்கைக்குக் கொடுக்கும் பணம் வீடியோ எடிட்டிங், ரெண்டரிங் செய்கிறவர்களுக்குத்தான் உதவும்.

ரேம் 32 ஜிபி என்றால் 16 ஜிபி ஸ்டிக் இரண்டாக இருக்க வேண்டும். ஒற்றை 32 ஜிபி ஸ்டிக் போட்டால் ரேமின் பேண்ட்வித் (ஒரு நொடியில் நகர்த்தும் டேட்டா அளவு) பாதியாகிவிடும். எஸ்எஸ்டியில் "1 டிபி என்விஎம்இ" என்று மட்டும் இருந்தால் மாடலைக் கேளுங்கள். டிராம் (எஸ்எஸ்டிக்கென்று உள்ள தனி மெமரி) இல்லாத, க்யூஎல்சி என்ற மலிவு வகை சிப் போட்ட எஸ்எஸ்டியில் 100 ஜிபி கேமை காப்பி பண்ணும்போது பாதியில் வேகம் படுத்துவிடும். சில பெரிய கம்பெனி மிஷின்களில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுக்கென்றே செய்த அளவில் இருக்கும். வாரண்டி முடிந்தபின் ஒன்று போனால் வெளியே வாங்கிப் போட முடியாது. அதையும் விலையில் கழித்துப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்தான் அதிகம் ஏமாற்றுகிற இடம். கோல்டு, ப்ரான்ஸ் (வெண்கலம்) என்ற சான்று மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும். தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் இருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 62 ஆம்பியர் என்றால் 744 வாட். 750 என்ற பெயர் சரி. 45 ஆம்பியர் என்றால் 540 வாட்தான் தேறும். பெரிய கேம் ஓடும்போது மிஷின் சட்டென்று அணைவது இதனாலும் இருக்கலாம். என்விடியா சொல்கிற அளவு 5070 டிஐ-க்கு 750 வாட், 5080-க்கு 850 வாட்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவை உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று கேபினட் ஸ்க்ரூவிலும் கார்டின் பின்தகட்டிலும் துருவாக ஏறும். துருவைக் காட்டி வாரண்டியை மறுப்பது சர்வீஸில் நடக்கிற விஷயம். எனவே முன்பக்கம் கண்ணாடி அடைத்த அழகு கேபினட் வேண்டாம். மெஷ் முகப்பும் கழற்றிக் கழுவுகிற டஸ்ட் ஃபில்டரும் இருப்பதை எடுங்கள், ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், கேம் விளையாடாத பரீட்சைக் காலத்திலும் உள்ளே ஈரம் தங்காமலிருக்க வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. இடி நேரத்தில் பிளக்கோடு நெட் கேபிளையும் உருவிவிட வேண்டும்.

யூபிஎஸ் செலவை மிஷின் விலையோடு சேர்த்தே பேசுங்கள். சாதாரண 600விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும்; 5080 கார்டு மட்டுமே 360 வாட் வரை இழுக்கும். கரண்ட் போன நொடியில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும். இந்த வகை மிஷினுக்கு ப்யூர் சைன்வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தருவது), குறைந்தது 900 வாட் தாங்குவது வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங் பார்க்க வேண்டும்.

வாரண்டியில் ஒரே கேள்வி: 629-ல் தொடங்கும் பின்கோடுக்கு ஆள் வருவாரா, நாம் அனுப்ப வேண்டுமா? "ஆன்சைட்" என்று எழுதியிருந்தாலும் உங்கள் பின்கோடைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். டவரை சென்னைக்கு அனுப்புவது என்றால் 700 கிலோமீட்டர். போய்வரும் கூரியர் யார் தலையில் என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள். எட்டு பாகத்தின் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் ஏறினால் ஒவ்வொரு பாகத்தின் வாரண்டியையும் கேட்க ஆதாரம் உங்கள் கையில் இருக்கும்.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பக்கக் கதவைத் திறந்து, கார்டு ஆடாமலிருக்க உள்ளே வைத்த ஃபோமை எடுங்கள். எடுக்காமல் ஆன் செய்தால் ஃபேன் சிக்கும். கார்டின் 12வி பவர் பிளக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி தெரிந்தால் முழுசாக உள்ளே போகவில்லை. அப்படியே ஓட்டினால் பின் சூடேறி உருகும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள்.

ஆன் செய்த பிறகு சிபியு-இசட் என்ற மென்பொருளில் ரேம் 3000 மெகாஹெர்ட்ஸ் காட்டினால் டிடிஆர்5-6000 சரியாக ஓடுகிறது. 2400 காட்டினால் பயாஸில் எக்ஸ்போ (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டுகிற செட்டிங்) போடவில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி ஓடிய நேரம் நூற்றுக்கணக்கான மணி என்றால் அது பழையது. கனமான கேம் ஒன்றை ஏசி இல்லாத அறையில் அரை மணி ஓட்டி, ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் கார்டின் சூடு 80 டிகிரிக்குள் நிற்கிறதா பாருங்கள். இதெல்லாம் ரிட்டர்ன் நாட்களுக்குள் முடிய வேண்டும். பெட்டியையும் ஃபோமையும் வாரண்டி முடிகிறவரை பரணில் வையுங்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போது அதே அளவில் வேறு பெட்டி தேடி அலைய வேண்டியிருக்காது.