மின்னதிர்ச்சித் துப்பாக்கியும் நலிந்தோரும்: நாம் விடும் தவறுகள்

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு டொரொன்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ ஓர் உறவு உண்டு. ஆகையால் அந்நாடுகளின் பொலிஸார் ஒரு முதியவர் மீதோ மனநோயாளர் மீதோ டேசர் எனப்படும் மின்னதிர்ச்சித் துப்பாக்கியைப் பிரயோகித்த செய்தி, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அன்றைக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. அதைத் தொடரும் கருத்துகளில் சில தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. அவை வெறும் வாதப் பிழைகளாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் வீட்டில் ஒருவர் நிலைகுலைந்து போகும் இரவில் யாரை அழைப்பது, என்ன சொல்வது என்பதையும் அந்த எண்ணங்களே தீர்மானித்துவிடுகின்றன.

மற்றெல்லாத் தவறுகளும் பிறக்கும் இடம், "எப்படியோ சுட்டுக் கொல்லாமல் விட்டார்களே" என்ற ஆறுதல்தான். இந்த ஆயுதத்தைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் அது எப்போதும் இரக்கமுள்ளதாகவே தோன்றும். ஆனால் அந்த இடத்தில் துப்பாக்கிச் சூடு என்ற பேச்சுக்கே இடம் இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். 2023 மே 17ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கூமா என்ற ஊரிலுள்ள முதியோர் இல்லமொன்றில், முதுமறதி நோயின் அறிகுறிகளோடு இருந்த 95 வயது மூதாட்டி ஒருவர் சமையலறைக் கத்தியுடன் நடமாடினார். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டே அடியெடுத்து வைக்கக்கூடியவர். எடை 48 கிலோகிராமுக்கும் குறைவு. கத்தியைக் கீழே வைக்கும்படி சொன்ன பொலிஸ் உத்தியோகத்தர், மூன்று நிமிடங்களுக்குள் பொறுமையிழந்து டேசரை இயக்கினார். மூதாட்டி பின்புறமாக விழுந்து தலையில் அடிபட்டு, ஒரு வாரத்தில் இறந்தார். அந்த அறையில் மாற்று வழி துப்பாக்கி அல்ல; கதவைச் சாத்துவது, இரண்டடி பின்வாங்குவது, ஒரு நாற்காலியை இடையில் வைப்பது, அவருக்குப் பழக்கமான ஒருவர் பேசும்வரை காத்திருப்பது ஆகியவையே. அந்த உத்தியோகத்தர் 2024 நவம்பரில் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு ஜூரிகளால் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஆனால் சிறைக்குச் செல்லவில்லை, சமூக சேவைத் தண்டனையே கிடைத்தது.

இத்தகைய பிழையை நீதிமன்றம் எப்படியும் திருத்திவிடும் என்று நம்புவதும் தவறு. 2022 ஜூனில் இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், ஒரு காலை இழந்து சக்கர நாற்காலியில் இருந்த 92 வயது முதியவர் ஒருவர் உணவு மேசைக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பராமரிப்பாளர்களை அச்சுறுத்தினார். பொலிஸார் அறைக்குள் நுழைந்து ஒன்றரை நிமிடத்துக்குள் எரிச்சலூட்டும் திரவம் விசிறப்பட்டு, பொல்லும் பயன்படுத்தப்பட்டு, டேசரும் இயக்கப்பட்டது. மூன்று வாரங்களின் பின் அவர் வைத்தியசாலையில் கொவிட் தொற்றினால் இறந்தார். தாக்குதல் குற்றம் சாட்டப்பட்ட இரு உத்தியோகத்தர்களையும் 2025 மே மாதத்தில் ஜூரிகள் விடுவித்தார்கள். அவருடைய அன்றைய குழப்பத்தோடு சிறுநீர்த் தொற்று தொடர்புபடுத்தப்பட்டது என்பதை நம் வீடுகளில் முதியோரைப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். வயோதிபர் ஒருவர் திடீரென்று ஆளடையாளம் தெரியாமல் சினங்கொண்டால், அது குணமாற்றமாகவோ பேய்க்குணமாகவோ இருப்பதைவிடச் சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், மருந்து மாற்றம் போன்ற ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தேவைப்படுபவர் வைத்தியரே.

அடுத்தது வோல்ட் கணக்கில் மயங்குவது. "50,000 வோல்ட் பாய்ச்சினார்கள்" என்று ஒரு சாராரும், "மின்னோட்டம் மிகக் குறைவு, ஆபத்தில்லை" என்று மறுசாராரும் வாதிடுவர். இரண்டுமே விடயத்தைத் தவறவிடுகின்றன. கருவியிலிருந்து முள்வைத்த இரு ஊசிகள் மெல்லிய கம்பிகளோடு பாய்ந்து உடலில் தைக்கின்றன. அவற்றுக்கிடையே போதிய இடைவெளி இருந்தால் இடைப்பட்ட தசைகள் இறுகி, மனிதர் நின்ற நிலையிலேயே விறைத்து விழுகிறார். சாதாரணமாக விழும் ஒருவர் கையை ஊன்றுவார். இவரால் கையை ஊன்ற முடியாது. எலும்பு தேய்ந்த முதியவருக்குப் பெரும் ஆபத்து அங்கேதான். ஊசிகள் மிக அருகருகே தைத்தால் தசை இறுகாது, வலி மட்டுமே மிஞ்சும். வலியில் துடிப்பவர் இன்னும் எதிர்க்கிறார் என்று எண்ணி மீண்டும் விசையை அழுத்துவார்கள். ஒரு முறை அழுத்தினால் 5 விநாடிகள் இயங்கும். கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் தொடர்ந்தும் இயங்கும். 2016 ஓகஸ்டில் இங்கிலாந்தில் முன்னாள் உதைபந்தாட்ட வீரர் டேலியன் அட்கின்சன் மீது அது 33 விநாடிகள் ஓடியது. சிறுநீரகமும் இருதயமும் பாதிக்கப்பட்டு மனக்குழப்பத்தில் இருந்த அவர், விழுந்த பின்னர் தலையில் உதைக்கப்பட்டும் இறந்தார். உத்தியோகத்தருக்கு 2021இல் 8 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மொத்தம் 15 விநாடிகளைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்கப் பொலிஸ் வழிகாட்டுதல்களே 2011இல் எச்சரித்திருந்தன. கர்ப்பிணிகள், முதியோர், சிறுவர், மெலிந்த உடலினர் ஆகியோரில் காயத்துக்கான ஆபத்து அதிகம் என்பது உற்பத்தி நிறுவனத்தின் சொந்த எச்சரிக்கைப் பத்திரத்தில் உள்ள வாசகம். விற்பவரே எச்சரிக்கும் ஒன்றை வாங்குபவர்கள் "பாதுகாப்பானது" என்று விளக்குவது விந்தை.

ஊசியை எய்யாமல் கருவியை நேரடியாக உடலில் அழுத்திப் பாய்ச்சும் முறையை "சும்மா ஒரு சுள்ளென்ற வலி" என்று எடுத்துக்கொள்வதும் கூடாது. அது ஆளைச் செயலிழக்கச் செய்வதில்லை. வலியால் பணிய வைப்பதற்கே உதவுகிறது. சித்திரவதைக்கு மிக அருகில் நிற்கும் பயன்பாடு அது.

இப்போது மொழிக்கு வருவோம். கட்டளைக்குக் கீழ்ப்படியாதவரை எதிர்ப்பவர் என்று கருதுவது பொலிஸாரின் தவறு மட்டுமல்ல. காணொளியைப் பார்க்கும் நாமும் "சொன்னதைக் கேட்டிருக்கலாமே" என்கிறோம். 2007 ஒக்டோபர் 14ஆம் திகதி கனடாவின் வன்கூவர் விமான நிலையத்தில், தாயுடன் சேர்ந்து வாழ வந்த போலந்து நாட்டவர் ஒருவர் பல மணிநேரம் வெளியேற வழி தெரியாமல் அலைந்தார். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. கடைசியில் தளபாடங்களைத் தள்ளி விழுத்தத் தொடங்கியபோது வந்த நான்கு பொலிஸார், சந்தித்த அரை நிமிடமளவில் டேசரை இயக்கினர். ஐந்து தடவை இயக்கினர். அப்போது அவர் கையில் இருந்தது காகிதம் பிணைக்கும் ஸ்டேப்ளர். அவர் அங்கேயே இறந்தார். அந்த ஆயுதப் பயன்பாட்டுக்கு நியாயம் இருக்கவில்லை என்று பிறேய்ட்வுட் விசாரணை ஆணைக்குழு 2010இல் முடிவு செய்தது. 2012இல் இங்கிலாந்தின் சோர்லி நகரில் பார்வையற்ற ஒருவரின் வெள்ளைப் பிரம்பை வாள் என்று எண்ணி, அவரது முதுகில் டேசரைச் செலுத்தினார்கள். செவிப்புலன் குறைந்தவர், ஓட்டிசம் உள்ள பிள்ளை, வலிப்பிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர், முதுமறதி முற்றியவர் ஆகியோருக்கு உரத்த கட்டளை எட்டுவதில்லை. எட்டினாலும் அச்சத்தையே கூட்டும். கொழும்பில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. தமிழ் 1987 முதல் அரசியலமைப்பின்படி அரச கரும மொழி. ஆனால் நள்ளிரவில் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வரும் உத்தியோகத்தர் சிங்களத்தில் கட்டளையிட, குழம்பிய நிலையிலுள்ள தாத்தா யாழ்ப்பாணத்து வீட்டில் இருப்பதாக எண்ணித் தமிழில் கத்துவதை எந்தச் சட்டவாசகமும் அந்தக் கணத்தில் மொழிபெயர்த்துத் தராது.

"இங்கேயும் அந்தக் கருவியைக் கொடுத்தால் பொல்லடி குறையும்" என்ற வாதம் நல்ல மனத்தோடு சொல்லப்படுவது. அதனால்தான் அதை மறுக்க வேண்டியுள்ளது. 2009 ஒக்டோபர் 29ஆம் திகதி பம்பலப்பிட்டிக் கடலில் நடந்ததைக் கொழும்புத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். மனநலம் பாதிக்கப்பட்ட 26 வயதுத் தமிழ் இளைஞன் கல்லெறிந்தான் என்பதற்காகக் கடலுக்குள் துரத்தப்பட்டு, கைகூப்பிக் கெஞ்சியும் தடிகளால் அடிக்கப்பட்டு மூழ்கி இறந்தான். தொலைக்காட்சிக் கமரா அதைப் பதிவு செய்தது. 2020 மே மாதம், ஊரடங்கு நாட்களில், அளுத்கமவில் ஓட்டிசம் உள்ள 14 வயதுச் சிறுவன் ஒருவன் சோதனைச் சாவடியில் தாக்கப்பட்டான். இந்த இரண்டில் எதிலாவது கருவிப் பற்றாக்குறைதான் காரணமாக இருந்ததா? தண்ணீரில் நிற்பவர் மீது டேசரைச் செலுத்தினால் தசை இறுகி மூழ்குவார் என்பதால் அது கூடாது என்பதே பயிற்சியின் அரிச்சுவடி. மேலும், பிரித்தானியாவில் 2003இல் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற பொலிஸாருக்கு மட்டும், சுடுவதற்கு மாற்றாக என்று தொடங்கிய இக்கருவி, சில ஆண்டுகளில் துப்பாக்கியே ஏந்தாத உத்தியோகத்தர்களின் இடுப்புக்கும் வந்தது. மாற்றாக வந்தது மேலதிகமாக மாறுவதைத் தடுக்கும் விதிகள் முதலில் வேண்டும். கருவி பிறகு வரட்டும் அல்லது வராமலே போகட்டும்.

இனி நம் கையில் உள்ளது. அவசர நேரத்தில் 119ஐ அழைத்து, "கத்தியோடு நிற்கிறார், உடனே வாருங்கள்" என்று மட்டும் சொல்லித் தொடர்பைத் துண்டிப்பதே குடும்பங்கள் அதிகம் செய்யும் பிழை. வருபவர்கள் அந்த ஒற்றை வாக்கியத்தைச் சுமந்துகொண்டே படியேறுவார்கள். எவருக்கும் உடனடி உயிராபத்து இல்லையெனில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையையோ, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையோ முதலில் அழையுங்கள். பொலிஸையும் அழைக்க நேர்ந்தால், இவர் நோயாளி, இன்ன நோய், வயது இவ்வளவு, காது கேளாது அல்லது தமிழ் மட்டுமே தெரியும், இருதயத்தில் பேஸ்மேக்கர் உண்டு, கையில் இருப்பது பழம் வெட்டும் கத்தி, வீட்டில் வேறெவரும் அவருக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்பவற்றைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, வருபவர்களை வாசலிலேயே சந்திக்க வேண்டும். நோயின் பெயரும் மருந்துகளும் எழுதிய அந்தக் கொப்பி, பதறும் உறவினரின் விளக்கத்தைவிட வேகமாக வேலை செய்யும். பக்கத்து வீட்டார் படிக்கட்டில் கூடுவதையும், எல்லாரும் ஒரே நேரத்தில் அறிவுரை சொல்வதையும் நிறுத்த வேண்டும். ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசினால் போதும். டொரொன்டோவில் இருப்போர் 211ஐ அழைத்துப் பொலிஸ் அல்லாத நெருக்கடிக் குழுவைக் கேட்கலாம். இங்கிலாந்தில் 111இல் இரண்டாவது தெரிவு மனநலத்துக்கானது. இவ்விலக்கங்களை இங்கிருந்து கவலைப்படும் அம்மாமார் பிள்ளைகளுக்கு அனுப்பி வைத்தால், எச்சரிக்கைக் காணொளிகளைவிடப் பயன் உண்டு.

பாதிப்பு நேர்ந்த பின் செய்யும் தவறுகள் வேறு வகையானவை. "எழுந்து நடக்கிறாரே" என்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் விடுவது, தைத்த ஊசியை வீட்டிலேயே பிடுங்குவது, மின்னதிர்ச்சி பாய்ச்சப்பட்டது என்பதை வைத்தியரிடம் சொல்லாமல் "விழுந்துவிட்டார்" என்று மட்டும் சொல்வது ஆகிய மூன்றும் கூடாது. ஊசி தைத்த இரு சிறு புள்ளிகள் சில நாட்களில் மங்கிவிடும். அளவு தெரியும்படி ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படமெடுக்க வேண்டும். வெளிநாட்டில் நடந்ததாயின், விசை அழுத்தப்பட்ட நேரமும் நீடித்த விநாடிகளும் கருவியிலேயே பதிவாகின்றன. அந்தப் பதிவையும் உத்தியோகத்தரின் உடற்கமராப் பதிவையும் சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேட்க வேண்டும். இலங்கையில், பொல்லாயினும் வேறெதுவாயினும், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும் கொடூரமான நடத்துகையையும் முற்றாகத் தடுக்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய இருப்பது ஒரு மாதம் மட்டுமே. முப்பத்தொன்று, அந்தியேட்டி என்று நாட்கள் ஓடும் வீடுகளில் அந்த ஒரு மாதம் கைநழுவிப்போகிறது. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. எனவே முறைப்பாட்டைக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், விசாரணை தொடங்கியதற்கான எழுத்துச் சான்றையும் ஆணைக்குழுவிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.