சபைக்குப் புதிதாக வருபவரை வரவேற்பது எப்படி? (நாங்கள் தப்பாகச் செய்து திருத்திக்கொண்ட விதம்)

வரவேற்புக் குழு ஆரம்பிக்க என்ன செய்யவேண்டும் என்று இதுவரை மூன்று சபைகளிலிருந்து போன் வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை, அதனால் எழுதியே வைக்கிறேன். எங்களுடையது இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியுள்ள சிறிய சபை. ஞாயிறு ஆராதனைக்கு அறுபது எழுபது பேர் வருவோம். பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து (தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்), மீதிப் பேர் டவுனிலிருந்தும் ஸ்டாப் குவார்ட்டர்ஸிலிருந்தும் (தோட்ட உத்தியோகத்தர்களின் வீடுகள்). ஜெபம் பண்ணுங்கள், அன்பாயிருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரிந்துதானே இதை வாசிக்க வந்திருக்கிறீர்கள்.

1. ஆட்களைப் பிடிப்பது

நான்கு பேர் போதும். ஒருவர் லயத்தில் குடியிருப்பவராக இருக்கட்டும். ஒருவர் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளை. ஒருவருக்குச் சிங்களம் தெரிந்திருக்கவேண்டும். நன்றாகப் பேசக்கூடிய ஆளைத் தேடாதீர்கள். அவர் பேசிக்கொண்டே இருப்பார், வந்தவர் நின்றுகொண்டே இருப்பார். பேட்ஜ், ஒரே நிறச் சேலை, பூங்கொத்து எதுவும் வேண்டாம். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் நீட்டுவது வேறு, இது வேறு.

2. கேட்டில் யார் முதலில் நிற்பது

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியவிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, எங்கள் கேட்டிலும் பை சோதிக்க ஆள் போட்டோம். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதிதாக வருகிறவர் முதலில் சந்திப்பது அந்தச் சோதனையைத்தான். தெரிந்த முகங்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போக, தெரியாத முகத்துக்கு மட்டும் பையைத் திற என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

இதற்கு நாங்கள் செய்தது இரண்டு காரியம். எல்லோருடைய பையையும் திறக்கிறோம், போதகர் அம்மாவுடைய கைப்பை உட்பட. அப்புறம் வரவேற்கிறவர் கேட்டுக்கு வெளியே, சோதிக்கிறவருக்கு நாலடி முன்னால் நிற்கிறார். "வாங்க" என்ற சொல் முதலில் காதில் விழவேண்டும், பை அதற்குப் பிறகு.

3. கேட்கக்கூடாத கேள்வி

நான் தடுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

ஒரு தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு இரண்டு ஞாயிறு வந்தாள். மூன்றாம் ஞாயிறு இல்லை. பிறகு சந்தையில் கண்டேன். மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, எல்லாரும் நல்லாத்தான் பேசினீங்க. ஆனா கேட்டுல இருந்து உள்ள போறதுக்குள்ள நாலு பேரு என்ன எந்தத் தோட்டம்னு கேட்டாங்க." அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி.

நமக்கு அது வெறும் பேச்சு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் அதைத்தான் கேட்போம். எந்தத் தோட்டம், அதில் எந்த டிவிசன் (பிரிவு), மேல் லயமா கீழ் லயமா, யாரு வீட்டு ஆளு. ஆனால் இந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டால் அந்த ஆளுடைய வேலை, சாதி, குடும்பத்துக் கதை எல்லாமே கேட்டவர் கைக்கு வந்துவிடுகிறது. கங்காணிமார் (தொழிலாளர்களுக்கு மேலாளாக இருந்தவர்கள்) ஆள் சேர்த்துக் கொண்டுவந்த காலத்தில் பல தோட்டங்களில் லயங்களைச் சாதி பார்த்துத்தான் பிரித்தார்கள். ஆகவே லயம் எது என்பது வெறும் முகவரி இல்லை. கேட்கிறவருக்கு அது தோன்றாமல் இருக்கலாம். பதில் சொல்கிறவருக்குத் தோன்றாமல் இருக்காது. என்னிடம் அந்தத் தங்கச்சி தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு டிவிசனைச் சொல்லாமல் நிறுத்தியது எனக்குச் சந்தையில்தான் ஞாபகம் வந்தது.

சரி, தோட்டத்தைக் கேட்கவேண்டாம் என்று குழுவில் முடிவு எடுத்தோம். அடுத்த வாரமே எங்கள் அண்ணன் ஒருவர் புதிதாக வந்தவரிடம், "எந்த பஸ்ல வந்தீங்க?" என்று கேட்டார்! அதே கேள்விதான், சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. "எந்த ஸ்கூல்ல படிச்சீங்க", "இங்க யாரைத் தெரியும்" எல்லாமே அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். தடை போட்டு ஒன்றும் ஆகாது, வாய் பழகவேண்டும்.

நாங்கள் பழகியது இப்படி. முதலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், அவரைப் பற்றிக் கேட்காதீர்கள். "வாங்க, என் பேரு இது, நான் அந்த ஜன்னல் பக்கம் உட்காருவேன், வாங்களேன்." கேட்டே ஆகவேண்டுமானால் இன்றைய நாளைப் பற்றி, ஆம் இல்லை என்று முடிகிற கேள்வி: "நனைஞ்சிட்டீங்களா?", "குளிருதா?", "பிள்ளைக்குத் தண்ணி வேணுமா?" அவ்வளவுதான். ஊரும் பேரும் அவராகச் சொல்லும்போது சொல்லட்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னாலும் சரி.

ஒரு சனிக்கிழமை சாயந்தரம் அரை மணி நேரம் ஒத்திகை பாருங்கள். ஒருவர் புது ஆளாக, கையில் பையோடும் அழுகிற பிள்ளையோடும் வரட்டும். மற்றவர்கள் வரவேற்கட்டும். பத்து நிமிடத்துக்குள் யாராவது "எந்தத் தோட்டம்" என்று கேட்டுவிடுவார்கள், பாருங்கள்.

இன்னொன்று. "இன்று முதல்முறை வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று மேடையிலிருந்து அழைப்பதை நிறுத்திவிடுங்கள். கை தட்டி, பாட்டுப் பாடி வரவேற்பது நமக்குச் சந்தோஷம், நிற்கிறவருக்குப் பெரட்டுக்களத்தில் (காலையில் தொழிலாளர்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம்) பேர் கூப்பிட்ட மாதிரி.

4. உட்கார இடம்

ஹட்டன் பக்கத்து டிக்கோயாவில் வார்லி தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1878-இல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கட்டிக்கொண்டது. தொழிலாளர்களுக்கு ஊழியம் செய்ய அதற்கு முன்பே, 1854-இல், ஒரு மிஷன் தொடங்கியிருந்தது. அதன் பெயரே தமிழ் கூலி மிஷன். துரைக்கு ஓர் ஆராதனை, கூலிக்கு ஓர் ஆராதனை என்றிருந்த ஊர் நம்முடையது. துரைமார் போய்விட்டார்கள். ஆனால் எங்கள் சபையில் முன் பெஞ்சில் ஸ்டாப் குடும்பங்களும் பின் பெஞ்சில் மலையில் வேலை செய்கிறவர்களும் உட்கார்ந்திருப்பதை யாரும் சட்டம் போட்டு ஏற்படுத்தவில்லை, அதுவாகவே அமைந்துவிட்டது.

யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரத்தைத் தமிழில் வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மினுக்கான வஸ்திரம் போட்டவனுக்கு "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்". ஏழைக்கு "நீ அங்கே நில்லு". அந்த நீரும் நீயும் போதும், நம்மூரில் அதற்கு வியாக்கியானமே தேவையில்லை. ஆகையால் குழுவுக்கு ஒரே சட்டம்: கொழுந்து பறிக்கிற பிள்ளையானாலும் வாங்க, போங்கதான். வயதில் சின்னவர்களிடம் நெருக்கம் காட்ட "நீ" என்று பேசுகிற பழக்கம் எனக்கும் உண்டு. சபை வாசலில் அதை விட்டுவிட்டேன்.

பெஞ்சுக்கு நாங்கள் கண்ட வழி மிகச் சுலபம். வழக்கமாக வருகிறவர்கள் எல்லாப் பெஞ்சிலும் உள்ளே நகர்ந்து உட்காரவேண்டும், நடைபாதை ஓரம் காலியாக இருக்கவேண்டும். கொழுந்து நன்றாக வருகிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கைகாசுக்கு (பறித்த கொழுந்துக்குக் காசு வாங்கும் வேலை) போய்விட்டு பாதி ஆராதனையில் வருகிறவர்கள் உண்டு. பத்துப் பேரைத் தாண்டிக்கொண்டு போகவேண்டும் என்றால் அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். இதைப் பழக்க எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. முப்பது வருடமாக ஓரத்தில் உட்கார்ந்த ஒரு பாட்டி இன்னும் நகரவில்லை. அவரை விட்டுவிட்டோம்.

5. பாட்டுப் புத்தகமும் காணிக்கைப் பையும்

சுருக்கமாக. புத்தகத்தைக் கையில் திணிக்காதீர்கள், வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பாடினால் போதும். காணிக்கைப் பையைச் சுற்றுக்கு விடாமல் வாசலில் பெட்டி வையுங்கள். ஸ்தோத்திரக் காணிக்கையைப் பேரோடும் தொகையோடும் வாசிக்கிற வழக்கம் இருந்தால் தொகையையாவது விடுங்கள். பிரசங்கத்தை நேரத்துக்கு முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் எத்தனை என்று போதகருக்கும் தெரியும்.

6. தேத்தண்ணி

மனிதர்கள் பழகுவது இங்கேதான். முன்பு எங்கள் தேத்தண்ணி கீழே ஹோலில். அதற்குப் படி இறங்கவேண்டும். புதியவர்கள் படியைப் பார்ப்பார்கள், கேட்டைப் பார்ப்பார்கள், கேட்டுப் பக்கம் போய்விடுவார்கள். கெட்டிலையும் மேசையையும் கதவுக்கும் கேட்டுக்கும் நடுவே போர்டிகோவில் கொண்டுவந்து போட்டோம். அந்த வாரமே வித்தியாசம் தெரிந்தது.

அடுத்தது கோப்பை. போதகருக்கும் விருந்தாளிகளுக்கும் சோசரோடு பீங்கான் கோப்பை, மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் கப் என்றுதான் வைத்திருந்தோம், யோசிக்காமலே. சிலருக்கு மட்டும் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றிய காலத்தை என் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கே இது கண்ணில் படவில்லை என்றால் பாருங்கள். இப்போது எல்லோருக்கும் பிடி வைத்த ஒரே மாதிரி மக். எவர்சில்வர் டம்ளர் வாங்காதீர்கள், கை சுடும். கண்ணாடிக் கிளாஸ் குளிரில் விறைத்த விரலில் நிற்காது. சீனியைத் தனியாக வையுங்கள், நீரிழிவு இல்லாத வீடு எது? வந்தவரை வரிசையில் நிறுத்தாமல் ஒரு மக்கைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். பிளேன்டீயும் (பால் இல்லாத தேத்தண்ணி) ஒரு பணிஸும் (பன்) போதும். கேக் வெட்ட ஆரம்பித்தால் அது செலவுக் கணக்காகி மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

7. பெயர் எழுதுவது

முதல் நாளில் போன் நம்பர் வாங்காதீர்கள். அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். காலை நாலரைக்கு வசனம் வரும், அவர் வெளியேறினால் எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டை நோட்டுப் புத்தகம்) எழுதுகிறேன்: தேதி, கூப்பிடும் பெயர், பிள்ளைகள் பெயர், சீனி வேண்டுமா. அடுத்த வாரம் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தால் தாய் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். கூகுள் படிவம் செய்து தருகிறேன் என்று ஒரு தம்பி வந்தார். வேண்டாம் என்றேன். கொப்பியை நான்கு பேரும் புரட்டலாம், சிக்னல் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. புதிதாக வந்த ஏழைக் குடும்பத்துக்கு அன்றைக்கே அரிசிப் பொதி கொடுக்காதீர்கள். மனம் கேட்காது, தெரியும். ஆனால் லயத்தில் அந்தப் பையோடு அவள் நடந்துபோகும்போது, அரிசிக்காக வேதத்துக்குப் போனவள் என்ற பேச்சை நாம்தான் அவள் தலையில் ஏற்றி அனுப்புகிறோம். உதவவேண்டுமானால் பிறகு, வீட்டில், சத்தமில்லாமல். அதுவும் சபைக்கு வராத பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

பிறகு சேர்த்தவை

இதை வாசித்துவிட்டுப் பலர் எழுதினார்கள்.

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒருவர்: மழை நாளில் சேற்றுக் காலோடு உள்ளே வர வெட்கப்பட்டுத் திரும்பிப் போகிறார்களே, என்ன செய்ய? எங்களுக்கும் அது விட்டுப்போன விஷயம். பக்கச் சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு சாக்கு, நாலைந்து பழைய துவாய் வைத்திருக்கிறோம். செருப்பைக் கழற்றவேண்டுமா இல்லையா என்பதும் புது ஆளுக்குத் தெரியாது. வரவேற்கிறவர் முதலில் தான் கழற்றிக் காட்டினால் முடிந்தது.

பொட்டு வைத்து வந்த ஒரு அம்மாவை, அழித்துவிட்டு உள்ளே வா என்று ஒரு சபையில் சொன்னதாக எழுதியிருந்தார்கள். அப்படிச் சொல்பவரை வாசலில் நிறுத்தாதீர்கள். அந்த அம்மா மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கலாம். அவர் நெற்றி அவருடையது.

சிங்களம் பேசும் மருமகளோ மருமகனோ குடும்பத்தோடு வருவதைப் பற்றி மூன்று பேர் கேட்டார்கள். முழுப் பிரசங்கத்தையும் மொழிபெயர்க்க எங்களால் முடியவில்லை. ஒரு தாளில் ஆராதனை ஒழுங்கையும், கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும், பிரசங்கத்தின் நாலு வரியையும் சிங்களத்தில் எழுதிக் கொடுக்கிறோம். சிங்களம் தெரிந்த பிள்ளை பக்கத்தில் உட்காரும். கிசுகிசுப்பு மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று ஒரு முறைப்பாடு வந்தது. வந்தால் வரட்டும்.

சக்கர நாற்காலி பற்றிக் கேட்டவருக்கு: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. எங்கள் முன்வாசலில் ஏழு அங்குலப் படி மூன்று, ஆக இருபத்தொரு அங்குலம். அதற்கு இருபத்தொரு அடி நீளம் வேண்டும், அவ்வளவு தூரம் போனால் ரோட்டில் நிற்போம். மேசன் பாஸ் (கொத்தனார்) எட்டடியில் போட்டுத் தருகிறேன் என்றார். அது சறுக்குமரம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு பார்த்தால் பக்கக் கதவில் ஒரே ஒரு ஆறு அங்குலப் படிதான், ஆறடி போதும். ஆனால் பக்கக் கதவால் வருகிறவரை வரவேற்க அங்கே யாரும் இல்லை. இப்போது நான்கு பேரில் ஒருவர் அந்தப் பக்கம் நிற்கிறார். நீங்கள் சீமெந்து வாங்கும் முன் எல்லாக் கதவையும் அளந்துவிடுங்கள்.