பழைய எல்பிடி பிரிண்டர், சிஎன்சி மெஷினை புது கம்ப்யூட்டர்ல மாட்டுறது எப்படி

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கம் மாங்கா சீசன் வந்துட்டா எடைமேடை எல்லாம் ராத்திரி பகலா ஓடும், அங்க பாத்தீங்கன்னா மேஜை மேல டிவிஎஸ் எம்எஸ்பியோ எப்சன் எல்எக்ஸோ ஒரு டாட் மேட்ரிக்ஸ் இன்னும் அடிச்சுட்டேதான் இருக்கும். கார்பன் வெச்சு மூணு காப்பி வேணும்னா ஊசி பேப்பரை குத்தித்தான் ஆகணும், லேசர்ல அது நடக்காது. பழைய கம்ப்யூட்டர் போய் புதுசு வாங்கினா பின்னாடி 25 பின் சாக்கெட்டே (எல்பிடி இல்ல பேரலல் போர்ட்னு சொல்றது இதைத்தான்) இருக்காது, கடைக்காரர் பிரிண்டரையும் மாத்திடுங்கம்பாரு. நல்லா ஓடுற பிரிண்டரை தயவுசெஞ்சு தூக்கி போடாதீங்க.

முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்கோங்க. நீங்க மாட்டப்போறது பிரிண்டரா, இல்ல போர்ட்டோட பின்னை சாஃப்ட்வேர் நேரா ஆட்டுற சாமானா, அதாவது சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டற மெஷின்), ஈப்ராம் புரோகிராமர் (சிப்புல டேட்டா எழுதறது), பழைய டாங்கிள் (சாஃப்ட்வேர் தொறக்க மாட்டற சாவி) மாதிரி. பிரிண்டர்னா யூஎஸ்பி கேபிள் போதும். மத்ததுக்கு யூஎஸ்பி கேபிள் வாங்கினா காசு தண்டம், ஏன்னா அந்த கேபிள் விண்டோஸ்கிட்ட தன்னை ஒரு யூஎஸ்பி பிரிண்டர்னுதான் சொல்லிக்கும், உள்ள எல்பிடி1 போர்ட்டே உருவாகாது.

பிரிண்டருக்கு வருவோம். கேபிள் வாங்குறதுக்கு முன்னாடி பிரிண்டர் பின்னாடி ஒரு தடவ பாருங்க, எல்எக்ஸ்-310 மாதிரி மாடல்ல சதுரமா யூஎஸ்பி சாக்கெட்டே இருக்கும். இல்லன்னா பிரிண்டர் சாக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற கம்பி கிளிப்புல மாட்டற மாதிரி 36 பின் சென்ட்ரானிக்ஸ் முனை இருக்கற கேபிளா கேட்டு வாங்குங்க, 25 பின் முனை இருக்கறத வாங்கினா பழைய கேபிளும் சேத்து மாட்டணும். கம்ப்யூட்டர், பிரிண்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு மாட்டுங்க, பேரலல் பக்கத்த கரண்ட் ஓடும்போது புடுங்கி மாட்டினா போர்டே போயிடும்.

மாட்டினதும் டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்னு ஒண்ணு வரும், ஆனா பிரிண்டர் லிஸ்ட்ல தானா எதுவும் வராது, பலரும் இங்கதான் கேபிள் ரிப்பேர்னு திருப்பி குடுத்துடறாங்க. ஆட் பிரிண்டர் போய் மேனுவல் செட்டிங்ஸ் எடுத்து, போர்ட் கேட்கும்போது எல்பிடி1-ஐ விட்டுட்டு யூஎஸ்பி001-ஐ தேர்ந்தெடுங்க. டிரைவர்ல ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி போட்டா பிரிண்டர் தன்னோட சொந்த எழுத்துலயே சரசரன்னு அடிச்சுடும், ஆனா தமிழ் வராது, தமிழ்ல பில் வேணும்னா எப்சன் டிரைவர் போடுங்க, படமா அனுப்பறதால மெதுவாத்தான் அடிக்கும். அப்புறம் கேபிளை வேற யூஎஸ்பி ஓட்டைக்கு மாத்திடாதீங்க, அது யூஎஸ்பி002 ஆகி பில் எல்லாம் க்யூவுல நின்னுடும்.

ஒரு சீட்டு அடிச்சா பேப்பர் பாதி பக்கம் சும்மா ஓடுதுன்னா அது கேபிள் பிரச்சனையே இல்ல, விண்டோஸ் ஏ4 நீளம்னு நெனச்சு தள்ளுது. பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்ல புது ஃபார்ம் உண்டாக்கி உங்க சீட்டு 10க்கு 6 இஞ்ச்னா அதையே அளவா குடுத்து பிரிண்டர்ல அந்த ஃபார்மை செலக்ட் பண்ணிடுங்க. எழுத்து கன்னாபின்னான்னு வந்தா, எப்சன்னா எல்எஃப் பட்டனை அமுக்கிட்டே பவர் ஆன் பண்ணுங்க, செல்ஃப் டெஸ்ட் அடிக்கும், அது சுத்தமா வந்தா பிரிண்டர் ஓகே, கோளாறு டிரைவர்லயோ கேபிள்லயோதான்.

அரிசி மண்டில இருக்கற பழைய பில்லிங் சாஃப்ட்வேர் எல்பிடி1-க்குத்தான் அனுப்புவேன்னு அடம் பிடிக்கும். பிரிண்டரை ஷேர் பண்ணிட்டு கமாண்ட் பிராம்ட்ல நெட் யூஸ் கட்டளைல எல்பிடி1-ஐ அந்த ஷேர் பேருக்கு திருப்பி விடுங்க, பெர்சிஸ்டன்ட் யெஸ்-னும் சேத்தா ரீஸ்டார்ட் பண்ணாலும் நிக்கும். நெட் கனெக்‌ஷனே இல்லாத கம்ப்யூட்டர்ல இது எர்ரர் அடிக்கும், அங்க மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டரை (நெட் கார்டு இருக்கற மாதிரி காட்டற டிரைவர்) இன்ஸ்டால் பண்ணா சரியாயிடும். அசல் டாஸ் புரோகிராம்னா 64 பிட் விண்டோஸ்ல தொறக்கவே தொறக்காது, விண்டோஸ் உள்ளயே டாஸை ஓட்டிக்காட்டற டாஸ்பாக்ஸ்-எக்ஸ் இல்லன்னா விடாஸ் உள்ள ஓட்டுங்க, ரெண்டுலயுமே அங்கிருந்தே விண்டோஸ் பிரிண்டருக்கு அனுப்ப வழி இருக்கு.

இப்ப ஓசூர் பக்கம் சின்ன பட்டறை வெச்சிருக்கறவங்களுக்கு. சிஎன்சி ரூட்டருக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டோ, மதர்போர்டுலயே இருக்கற நிஜ எல்பிடியோதான் வேணும், மோட்டாரை அடி அடியா நகர்த்தற ஸ்டெப் பல்ஸ் மைக்ரோசெகண்ட் கணக்குல போறதால யூஎஸ்பி பிரிண்டர் கேபிள் அதுக்கு சரிப்படாது. கார்டு வாங்க பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம்தான், ஆனா அதுக்கு முன்னாடி மதர்போர்டை தொறந்து பாருங்க, எச்61, எச்81 போர்டு பலதுல எல்பிடின்னு எழுதி 26 பின் இடத்துல ஒரு பின் இல்லாம ஒரு ஹெட்டர் இருக்கும், அதுக்கு ஒரு பிராக்கெட் கேபிள் வாங்கி மாட்டினா நிஜ எல்பிடி கிடைச்சுடும், பயாஸ்ல ஆன் பண்ணா போதும், சாஃப்ட்வேர் போர்ட்டை தேடற அட்ரஸும் பெரும்பாலும் பழைய 378தான். இது கார்டை விட எவ்வளவோ மேல்.

கார்டு போட்டா அட்ரஸ் 378 இருக்காது, டிவைஸ் மேனேஜர்ல ரிசோர்சஸ் டேப்ல இருக்கற நம்பரை சாஃப்ட்வேர்ல போடணும், சிஎன்சியை ஓட்டற லினக்ஸ்சிஎன்சில அட்ரஸ் குடுக்க இடம் இருக்கு. அதே வேலைக்கான இன்னொரு சாஃப்ட்வேர் மாக்3-யோட பேரலல் டிரைவர் 32 பிட் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், அதனால அதை விட்டு வர மனசில்லன்னா பழைய 32 பிட் விண்டோஸ் 7 மெஷின் ஒண்ண தனியா வெச்சுக்கோங்க, நெட்டுல மாட்டாதீங்க. கடைசியா மல்டிமீட்டர்ல 2-லிருந்து 9 வரைக்கும் இருக்கற பின்னை ஒவ்வொண்ணா ஆன் பண்ணி 18-லிருந்து 25 வரைக்கும் இருக்கற கிரவுண்டோட வெச்சு அளந்து பாருங்க, சில கார்டு 5 வோல்ட்டுக்கு பதிலா 3.3தான் குடுக்கும், அதுக்கு சில பிரேக்அவுட் போர்டு (எல்பிடி பின்னை மோட்டார் டிரைவரோட சேக்கற போர்டு) அசையாது, அப்படி வந்தா மோட்டாரையும் டிரைவரையும் கழட்டாம கார்டை மட்டும் மாத்துங்க.